படித்துச் சொல்கிறவன்

ஊரு சுத்துத பயலுவோ ரெண்டே வகைதாம்லே, என்று ஆரம்பிப்பார் பெரியப்பா. ஒருத்தன் வீட்டில் மரியாதை இல்லாதவன். இன்னொருத்தன் யார் என்பது எனக்கு மறந்துவிட்டது. ஏதோ வயிற்றைப் பற்றியது, அல்லது வாயைப் பற்றியது. சொல்லி முடித்ததும் அவரே முதலில் சிரிப்பார், அதனால் நாங்களும் சிரிப்போம். கோவில்பட்டிக்கு வடக்கே பார்த்தறியாத மனுஷன் ஊர் சுற்றுகிறவர்களை வகை பிரித்து வைத்திருந்தார். முதல் வகையில் நான் தாராளமாகச் சேர்வேன். எனக்கு இருபதடி முன்னால் போய்க்கொண்டிருந்த குற்றாலிங்கம் அத்தானை எதில் சேர்ப்பது என்றுதான் அந்தப் பாலத்தின் மேல் நடக்கும்போது யோசித்துக்கொண்டு வந்தேன். என் அக்கா கோமதியின் புருஷர். அறுபத்துநாலு வயது. போக்குவரத்துக் கழகத்தில் முப்பத்திரண்டு வருஷம், அதில் கடைசிப் பதினெட்டு வருஷம் செக்கிங் இன்ஸ்பெக்டர். கீழே ஆறு ஓடுகிறது, அக்கரையில் கோபுரம் வெயிலில் மின்னுகிறது, ஜனவரி மாதத்துக் குளிரில் ஸ்பெயின்காரர்களே கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்று பார்க்கிறார்கள். இவர் பார்க்கவில்லை. இவர் கையில் தாள் இருந்தது. ஊரைப் பார்ப்பது என்றால் அவருக்கு டிரிப் ஷீட் போடுவது. கோடு போட்ட நோட்டுத் தாளில், 9.10 பாலம், 9.40 பெரிய கோயில் (வெளிப்புறம் மட்டும்), 11.00 இலவச கைடு, 1.30 சாப்பாடு (பெஞ்ச்), 6.00 பஸ் என்று எழுதி, ஒவ்வொன்றாக டிக் போட்டுக்கொண்டே போனார். நாங்கள் இந்தச் செவியா ஊருக்குப் பஸ்ஸில் வந்தது நேற்று. இன்று மாலை ஆறு மணிக்கு மறுபடி மாட்ரிட்டுக்கு. இரண்டு நாளும் கால்நடைதான். பஸ்ஸிலேயே ஆயுசைக் கழித்தவர் ஊருக்குள் பஸ் ஏறமாட்டேன் என்கிறார், நடந்தாத்தான் ஊரு தெரியுமாம். என் கோட்டுப் பையில் போன் இருந்தது. போனில், காலை எட்டு மணி ஏழு நிமிஷத்துக்குத் திருநெல்வேலியிலிருந்து வந்த ரிப்போர்ட் இருந்தது. அத்தானின் கழுத்தில் இருப்பது கொழுப்புக் கட்டி இல்லை, புற்றுநோய். அத்தானுக்கு இது தெரியாது. ஆஸ்பத்திரிக்காரனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், எட்டேகாலிலிருந்து அக்காவுக்கும் தெரியும். கட்டியைச் சுமந்துகொண்டு நடக்கிறவர் மட்டும் பாலத்துக்கு நேரே டிக் போட்டுக்கொண்டிருந்தார்.

அவர் கேட்கவில்லை என்பதில்லை, அவரை யாரும் கேட்கவில்லை. பயணத்துக்கு முன்னால் உடம்பைப் பரிசோதித்த டாக்டர் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, ஊசி போட்டுத் துளி எடுத்து அனுப்பிவிடலாம் என்றார். சொன்னது என்னைப் பார்த்து. பேஷன்ட்கூட வந்தது யாரு, நம்பர் கொடுங்க, மெயில் ஐடி கொடுங்க. பாரத்தை நான்தான் நிரப்பினேன். குடும்பத்தில் இங்கிலீஷ் பாரம் எல்லாவற்றையும் நான்தான் நிரப்புகிறேன், ஏதோ அதற்காகவே இங்கிலாந்தில் லெஸ்டர் ஊரில் பதினெட்டு வருஷம் உட்கார்ந்து பயிற்சி எடுத்துவிட்டு வந்ததுபோல. அத்தான் பக்கத்து நாற்காலியில் சட்டைக் காலரைத் திறந்து வைத்துக்கொண்டு, கோயிலில் தீபாராதனைக்குக் காத்திருக்கிறவரைப்போல உட்கார்ந்திருந்தார். தொண்டைக்குள் இருப்பது இன்னது என்று அதன் சொந்தக்காரனுக்குச் சொல்லக்கூடாது என்பது எங்கள் பக்கத்தில் சட்டம் மாதிரி. டாக்டர் ஆளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு மச்சினனைக் கூப்பிடுவார். மச்சினன் வெளியே வந்து ஒண்ணுமில்ல அத்தான் என்பான். பதிலுக்கு அவர் ஒண்ணுமில்லேல்லா என்பார். எத்தனை வீட்டில் பார்த்துவிட்டேன், எல்லாரும் ஒரே நாடகக் கம்பெனி. நான் காலையில் விடுதி வாசலில் நின்று அக்காவுக்குப் போன் போட்டபோது அவள் மாட்ரிட்டில் பேத்தியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள், மகள் சிவகாமி பிள்ளை பெற்று முப்பது நாள்கூட ஆகவில்லை. சொன்னேன். தண்ணீர்ச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சினாள். பிறகு, எனக்குத் தெரிந்த வரைக்கும் ஒன்றரை நிமிஷத்துக்குள், திட்டம் போட்டுவிட்டாள். இன்னும் பதினெட்டு நாளில் பேத்திக்குப் பேர் வைக்கிற விசேஷம், அது முடியட்டும், இருபத்துநாலாம் நாள் எப்படியும் ஊருக்குப் போகிறோம், போய்ப் பார்த்துக்கொள்ளலாம், அது வரைக்கும் மனுஷன் சந்தோஷமாக நாலு இடம் பார்க்கட்டும். டாக்டர் ரிப்போர்ட்டுக்குக் கீழேயே ஒரு வாரத்துக்குள் சிகிச்சையை ஆரம்பிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார் அக்கா, என்றேன். அக்காவுக்குப் பதில் சொல்ல முடியாத கேள்விகள் காதில் விழுவதில்லை. "ஏல பிரமு, உனக்குப் புண்ணியமாப் போவும், அவாள்ட்ட மூச்சு விட்றாத" என்றாள். அவர்களுக்கு நான் வெறும் குழாய். எதைத் திறந்துவிடுவது, எதை அடைப்பது என்பதை வேறு யாரோ தீர்மானிப்பார்கள். எனக்கும் அதுதான் வசதியாக இருந்தது என்பதை இங்கே மறைப்பானேன்.

பெரிய கோயிலைப் பார்த்தோம், மாதா கோயில்தான், வெளிப்புறம் மட்டும். உலகத்திலேயே பெரிய கோயில்களில் ஒன்றாம். அதன் வாசலில் உலகத்திலேயே பெரிய முட்டாள் கூட்டம். ஒரு கையை நீட்டித் தங்கள் மூஞ்சியைத் தாங்களே பிடித்துக்கொண்டு பின்னால் இருக்கிற ஐந்நூறு வருஷத்துக் கல்லை மறைக்கிறவர்கள். குதிரை வண்டியில் ஏறிக் குதிரையின் வாலைப் படம் எடுக்கிறவர்கள். லெஸ்டரில் என்னோடு வேலை பார்த்த ஆட்களின் சாயலே எல்லார் முகத்திலும் தெரிந்தது, அதே சிவந்த மூக்கு, அதே காற்சட்டை, எல்லாவற்றையும் பாராட்டிவிட்டு எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாத அதே அழகு. அவர்களைப் பார்த்து எனக்கு வந்த இளக்காரம் திரும்பி வந்து என்மேலேயே விழுந்தது. அந்த மூக்குகளுக்கு நடுவில் பதினெட்டு வருஷம் நான் என்னை வெள்ளைக்காரனில் ஒரு தினுசு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பதினொரு மணிக்கு இலவச கைடு. மஞ்சள் குடை பிடித்த ஒரு பெண், இருபத்தைந்து வயதிருக்கும், இருபது பேரை மேய்த்துக்கொண்டு போனாள். கோபுரத்துக்குள் படியே கிடையாது, குதிரையில் ஏறிப் போகிற மாதிரி சரிவுப் பாதைதான் என்று அவள் சொன்னதை நான் அத்தானுக்கு, உள்ளே படி இல்லை, என்று சொன்னேன். அவள் ஐந்து நிமிஷம் பேசினாள், நான் மூன்று வார்த்தை. அத்தான் என்னை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். சுற்று முடிந்ததும் அவள் தொப்பியைக் கழற்றி, இலவசம்தான், உங்கள் மனசு சொல்வதைக் கொடுங்கள் என்றாள். அத்தானுக்கு முகம் கறுத்துவிட்டது. கூட்டத்தில் பாதிப்பேர் மெல்ல நழுவ, இவர் மட்டும் நகராமல் நின்று, எவ்வளவு என்று சொல்லச் சொல்லும் என்று என்னைக் குடைந்தார். அவள் சிரித்துச் சிரித்து மழுப்பினாள். "ரேட்டு போடாம வண்டி ஓட்டுதாளே மாப்ள, ஏறுதவன் என்னன்னு ஏறுவான்" என்று என்னிடம் சத்தம் போட்டுவிட்டு, மற்றவர்கள் போட்டதை எண்ணாமலே எண்ணி, அதற்குக் குறையாமல் ஒரு நோட்டை எடுத்து அவள் கையில் கொடுத்து, ரசீது கேட்டார். இருபது பேருக்கு நடுவில். ரசீது. நான் இரண்டடி தள்ளிப் போய் நின்றுகொண்டேன், இவர் யாரோ, நான் யாரோ. அந்தப் பெண் தன் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து ஏதோ எழுதிக் கொடுத்தாள். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்ததும் மனுஷனுக்கு நிம்மதி.

ஒன்றரை மணிக்கு, தாளில் உள்ளபடி, ஆற்றோரத்து பெஞ்சில் சாப்பாடு. ரொட்டி, தக்காளி, அக்கா அரைத்துக் கொடுத்த பருப்புப்பொடி. எதிர்வரிசை ஓட்டலில் வறுத்த மீன் வாசனை. எங்களுக்கு அது ஆகாது. எண்ணெய் இல்லாமல் பருப்புப்பொடியைத் தக்காளிச் சாற்றில் குழைத்து ரொட்டியில் தடவுகிற வித்தையை இரண்டு நாளில் கண்டுபிடித்திருந்தார், தானே பெருமையாக, டாப்பா இருக்கு என்றார். விழுங்கும்போது மப்ளருக்குள் ஏதோ ஏறி இறங்கியது. தொண்டைதான், எல்லாருக்கும் ஏறி இறங்குவதுதான், ஆனால் காலையிலிருந்து என் கண் அங்கேயே போய் நிற்கிறது, சாலையில் செத்துக் கிடப்பதைப் பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்ப்பதைப் போல. அத்தான் ரொட்டியை மென்றுகொண்டே, பேத்திக்கு ஒரு வயது ஆனதும் ஊரில் வைத்து மொட்டை போடவேண்டும், அதற்குள் மாடியில் ஒரு அறை எடுத்துவிடவேண்டும், இவர்களெல்லாம் வந்தால் தங்க இடம் வேண்டாமா, சித்திரையில் கொத்தனாரைப் பார்க்கிறேன் என்றார். சித்திரை. நான் ஆமா அத்தான் என்றேன். என்ன ஒரு வழுக்கலான ஆமா. லெஸ்டரில் என் வேலையே அந்த ஆமாதான். இன்ஷூரன்ஸ் கம்பெனியில், உங்கள் கோரிக்கையை ஏற்க முடியாது என்பதை ஒன்றரைப் பக்கத்தில் எழுதுகிற இலாகா. முதல் பத்தியில் அனுதாபம், இரண்டாவதில் அவர்கள் படிக்காமல் கையெழுத்துப் போட்ட பிரிவு, மூன்றாவதில் வாழ்த்து. வீடு எரிந்தவனுக்கு, கால் போனவனுக்கு, பெண்டாட்டி செத்தவனுக்கு. படித்து முடித்தவனுக்குத் தனக்குக் கிடைத்ததா கிடைக்கவில்லையா என்பதே விளங்கக்கூடாது, போனை எடுத்துக் கேட்கத் தெம்பும் வரக்கூடாது. அந்தப் பதத்தில் எழுதுகிறவனுக்கு வருஷக் கடைசியில் கேக். எனக்கு ஏழு வருஷம் கேக் கிடைத்தது. பாளையங்கோட்டைக்குத் திரும்பி வந்ததிலிருந்து, நான் குடியிருக்கிற பெருமாள்புரத்து ஆட்கள், வெளிநாட்டில் என்ன வேலை என்று கேட்டால் கம்யூனிகேஷன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர்களும் தலையை ஆட்டுகிறார்கள், மடையர்கள்.

அந்த இலாகாவில் சேர்வதற்கு முன்னாலேயே எனக்கு அந்த வேலை தெரிந்திருந்தது. அம்பாசமுத்திரத்தில் அப்பா வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். இங்கிலீஷில் எழுத்து மட்டும் தெரியும், கூட்டிப் படிக்கத் தெரியாது. வயிற்று வலிக்குப் பார்த்தார்கள், ரிப்போர்ட் வந்தது. வீட்டில் எல்லாரும் ஒண்ணுமில்ல என்று சொன்னபோது அவருக்கு நம்பிக்கை வரவில்லை போல, தாளைத் தூக்கிக்கொண்டு எஸ்டிடி பூத்துக்குப் போய் எனக்குப் போன் போட்டார். நான் லெஸ்டருக்குப் போய் எட்டு மாதம். ஏல, நான் எழுத்தைச் சொல்லுதேன், நீ கூட்டிச் சொல்லு, என்றார். சொன்னார். சி. ஏ. ஆர். மறுபடி சி. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நிறுத்தம், விரலை வைத்துக்கொண்டு சொல்கிறார் என்று தெரிந்தது, பூத்துக்கு வெளியே பஸ்காரன் ஆரன் அடிக்கிற சத்தம். ஐ. என். ஓ. நாலாவது எழுத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, கார்சினோமா, புற்று. ஆனால் நிறுத்தச் சொல்ல வாய் வரவில்லை, கடைசி எழுத்து வரைக்கும் அவரைச் சொல்ல விட்டேன், தன் சாவை ஒவ்வொரு எழுத்தாக எனக்கு ஒப்பித்துவிட்டு, அவ்வளவுதாம்லே, என்ன போட்டிருக்கு, என்று கேட்டார். குடல்ல புண்ணுப்பா, என்றேன். அல்சர். அவருக்கு அந்த வார்த்தை தெரியும். அப்ப சரி, என்றார். அந்த 'அப்ப சரி'யில் இருந்த சந்தோஷம் இருக்கிறதே. அதற்குப் பிறகு மூன்றரை மாதம் இருந்தார். அந்த மூன்றரை மாதமும், இல்லாத புண்ணுக்காக, மோர்மிளகாயைத் தொடவில்லை, சுண்டவத்தல் குழம்பைத் தொடவில்லை, ஊறுகாய் ஜாடியை அலமாரியின் மேல்தட்டுக்கு ஏற்றச் சொல்லிவிட்டார். சீனி தொட்டு இட்லி தின்றார், வாழ்நாளெல்லாம் சீனி தொட்டு இட்லி தின்கிறவனைப் பார்த்து, ஆம்பிளையாடா நீ என்று கேட்டவர். வேண்டியதைக் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கொடுக்க எல்லாரும் தயார். அவர்தான் பத்தியத்தை விடவில்லை, பிள்ளை போனில் சொல்லியிருக்கிறான், படித்த பிள்ளை. அவர் எழுத்தெழுத்தாகச் சொன்னதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பொய் மட்டும்தான் வீட்டுக்குத் தெரியும், அம்மாவுக்கு அது ஒரு நல்ல பொய். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் சித்தப்பா என் தோளைத் தட்டி, நல்ல காரியம் பண்ணினே என்றார். பண்ணினேன். ஒரு மனுஷனின் கடைசி நூறு நாளிலிருந்து உப்பையும் உறைப்பையும் எடுத்தேன். ரொட்டியை மென்றுகொண்டிருந்த அத்தான், என்னவே மாப்ள, முகம் ஒரு மாதிரியா இருக்கு, காலு வலிக்கோ என்று கேட்டார். ஆமா, என்றேன். பார், மறுபடியும்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஊரே கதவைச் சாத்திக்கொண்டது. இரண்டிலிருந்து ஐந்து வரைக்கும் இந்த ஊர்க்காரர்களுக்கு உலகம் கிடையாது. கடைகளின் இரும்பு ஷட்டர்கள், அவற்றின்மேல் கிறுக்கல், ஒரு நாய். அத்தானின் தாளில் இந்த மூன்று மணி நேரத்துக்கு, தெருக்கள், என்று மட்டும் எழுதியிருந்தது. இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாத சந்துகள், எதிரெதிர் மாடியில் நின்று கையைப் பிடித்துக்கொள்ளலாம். அவர் முன்னால், நான் பின்னால். பின்கழுத்தில் மப்ளர் நெகிழ்ந்து, வெட்டி மூன்று வாரமான நரைமுடி தெரிந்தது. சொல்லிவிடு, பின்னாலிருந்தே சொல்லிவிடு, முகத்தைப் பார்க்க வேண்டாம், அத்தான் ஒரு விஷயம் என்று ஆரம்பித்தால் போதும். சந்து முடிவதற்குள் சொல்லிவிடவேண்டும் என்று வைத்துக்கொண்டேன். சந்து முடிந்தது. அடுத்த சந்து முடிவதற்குள். இப்படி ஏழெட்டுச் சந்துகள் முடிந்தன. ஒவ்வொரு சந்தின் முடிவிலும் ஒரு சின்னச் சதுக்கம், சதுக்கத்தில் ஆரஞ்சு மரங்கள், மரம் நிறையப் பழம். பறிக்க ஆளில்லாமல் தரையில் விழுந்து நசுங்கிக் கிடந்தது. இந்த ஊரில் தெருவுக்குத் தெரு அழகுக்கு வைத்த கசப்பு ஆரஞ்சு. யாரும் தின்பதில்லை என்று மஞ்சள் குடைப் பெண் சொன்னாள், நான் அத்தானுக்கு அதைச் சொல்லவில்லை, சொல்ல அலுப்பாக இருந்தது. அவர் ஒன்றை எடுத்து நகத்தால் கீறி முகர்ந்து பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. மாப்ள, நார்த்தங்காயாக்கும் இது, என்றார். உப்பில் ஊறப்போட்டால் கோமதி விடமாட்டாள், பிள்ளை பெற்றவளுக்கும் வாய்க்கு நல்லது என்று சொல்லிக்கொண்டே, சதுக்கத்துக்குப் பக்கத்திலிருந்த பூங்காவுக்குள் நுழைந்து, நல்ல காயாகப் பார்த்து எட்டிப் பறிக்க ஆரம்பித்தார். இரண்டு யூரோ தண்ணீர் பாட்டிலை வாங்கமாட்டேன் என்று தெருக்குழாயில் பிடித்துக் குடிக்கிற அறுபத்துநாலு வயது ஆள் கால் பெருவிரலில் நின்று ஸ்பெயின் தேசத்து அரசாங்க ஆரஞ்சைப் பறிக்கிறார். நான் அலைபேசியைப் பார்ப்பதுபோல் நின்றுகொண்டேன். எனக்குத் தெரியும் எங்கள் ஆட்களை. லெஸ்டர் பார்க்கில் கறிவேப்பிலை மாதிரி இருக்கிற எதையும் விட்டுவைத்ததில்லை.

ஆறு காய். தோள்பையில் போட்டு ஜிப்பை மூடினார். பெஞ்சில் போய் உட்காரப் போகும்போதுதான் அந்தப் பலகையைப் பார்த்தார். பூங்காவின் வாசலில், ஸ்பானிஷில் ஒரு பக்கம், இங்கிலீஷில் ஒரு பக்கம், வரிசையாக எண் போட்டு எழுதியிருந்தது. என்ன எழுதியிருக்கு மாப்ள, என்றார். அதற்குள் பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்ட நான் அங்கிருந்தே பார்த்துவிட்டு, நாயைக் கட்டாமல் கொண்டுவரக்கூடாதாம், என்றேன். அவர் நகரவில்லை. விரலை வைத்து மேலிருந்து கீழே எண்ணினார். வண்டியை நிறுத்தி ஏறியவுடன் டிக்கெட் தலைகளை எண்ணுகிற அதே விரல்.

"பதினோரு நம்பர் போட்டிருக்கான் வே. நாயி ஒண்ணுதானா?"

மற்றதெல்லாம் சும்மா, பூங்கா எத்தனை மணிக்குத் திறக்கும், குப்பை போடாதே, அந்த மாதிரி, என்றேன். அவர் அப்போதும் அங்கேயே நின்றார். ஒன்பதாவது வரிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் படம் இருந்தது. வட்டத்துக்குள் ஒரு பழம், அதன்மேல் சிவப்புக் கோடு. அதன்மேல் விரலை வைத்து அழுத்தினார். நான் எழுந்து போனேன். மரத்திலிருந்து பழம் பறிப்பது குற்றம், அபராதம் உண்டு, என்று எழுதியிருந்தது. உண்மையிலேயே அதை நான் இப்போதுதான் படித்தேன், ஆனால் அப்படிச் சொன்னாலும் நிற்காது, பலகை எதிரிலேயே இருக்கிறது, படிக்கத் தெரிந்தவன் நான். சரிதான் அத்தான், யார் பார்க்கப் போகிறார்கள், தரையில் விழுந்து அழுகுவதுதானே, என்றேன். அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமில்லாதது. அக்கா கல்யாணத்திலிருந்து முப்பத்தோரு வருஷமாக என்னைப் பார்க்கிறார், எப்போதும் கொஞ்சம் மேலே அண்ணாந்து, படித்த மச்சினனைப் பார்க்கிற பார்வை. அது எனக்கு வேண்டியிருந்தது, அதை நான் எள்ளி நகையாடிக்கொண்டே தின்று வளர்ந்தேன். இது வேறு. சில்லறையைக் கையில் மறைத்துவைத்த கண்டக்டரைப் பார்ப்பது.

பெஞ்சில் உட்கார்ந்து தோள்பையைத் திறந்து ஆறு காயையும் ஒவ்வொன்றாக எடுத்து, பறித்த மரத்தின் அடியில் கொண்டுபோய் வைத்தார். குனிந்து நிமிரும்போது மூச்சு வாங்கியது. திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு எதிரே பார்த்துக்கொண்டே, கோபம் இல்லாமல், தணிந்த குரலில் சொன்னார்.

"காலையில இருந்து பாக்கேன் மாப்ள. அந்தப் பிள்ளை அரைமணி நேரம் பேசுனா நீரு அரை வரி சொல்லுதீரு. சரி, அலுப்புன்னு விட்டேன். இப்ப என்னை ஒரு திருட்டுக் காரியம் பண்ண வச்சுட்டீரே. தெரிஞ்சா நான் பறிச்சிருக்க மாட்டேன்லா?"

அவ்வளவு பெரிய விஷயமில்லை அத்தான், உங்களுக்கு எதற்கு இதெல்லாம் என்றுதான், என்று ஏதோ சொன்னேன். சொல்லும்போதே அது மூன்றாவது பத்தியின் வாழ்த்துப் போல வந்தது.

"எனக்கு எது வேணும் வேண்டாம்னு நீரு எதுக்கு யோசிக்கீரு? எழுதியிருக்கத முழுசாச் சொல்லும். அதுல எதை எடுக்கணும், எதை விடணும்னு எனக்குத் தெரியாதாவே?"

அவருக்கு ரிப்போர்ட்டைப் பற்றித் தெரியுமோ என்று ஒரு நொடி தோன்றியது. முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியாது. ஆறு ஆரஞ்சுக்காகத்தான் பேசினார், வெறும் ஆறு கசப்பு ஆரஞ்சுக்காக. தெரிந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதி. இப்படியெல்லாம் ஆசைப்படுகிற ஆள்தான் நான், அவரே கண்டுபிடித்து, அவரே அழுது, அவரே என்னைத் தேற்றிவிட்டால் நன்றாக இருக்கும். மணி நாலு பத்து. எங்கோ ஒரு ஷட்டர் திறக்கிற சத்தம் கேட்டது. ஐந்து மணிக்குள் பை எடுக்க விடுதிக்குப் போகவேண்டும், ஆறு மணிக்குப் பஸ், பஸ்ஸில் ஆறரை மணி நேரம் பக்கத்துப் பக்கத்து சீட், பிறகு மாட்ரிட், அங்கே அக்கா கதவைத் திறப்பாள், சிரித்துக்கொண்டுதான் திறப்பாள், அதற்குள் கண்ணைக் கழுவியிருப்பாள். அதற்குப் பிறகு பதினெட்டு நாளும் அந்த வீட்டில் எனக்கு இடம் இருக்காது, சொல்வதற்கு. ஒரு அறையில் பிள்ளை பெற்றவள், ஒரு அறையில் அவள் மாமியார், நடுவில் அக்காவின் கண். பேர் வைத்து, பாயசம் குடித்து, போட்டோ எடுத்து, அந்தப் போட்டோவில் ஒரு ஆள் மட்டும் ஒன்றும் தெரியாமல் நடுவில் உட்கார்ந்து சிரிப்பார். அக்கா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்று நினைத்துப் பார்த்தேன். மனுஷன் பேத்தியின் விசேஷத்தைச் சந்தோஷமாகப் பார்க்கவேண்டாமா. ஒரு வாரம் என்று டாக்டர்கள் எப்போதும் சொல்வதுதான், பதினெட்டு நாளில் என்ன முழுகிவிடும். எனக்குத் தெரியாது. முழுகுமா முழுகாதா என்று கேட்க வேண்டிய ஆள் நான் இல்லை. விசேஷத்தை இருந்து பார்த்துவிட்டுப் போவதா, நாளைக்கே டிக்கெட்டை மாற்றிக்கொண்டு போவதா என்று டிரிப் ஷீட் போட வேண்டியவர் பக்கத்தில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக் குதிகாலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் பேனா இருந்தது. தாளில் ஒரு பக்கம் வெள்ளையாக இருந்தது.

போன் அதிர்ந்தது. அக்கா. திரையில் அவள் பெயருக்குக் கீழே பேத்தியின் படம், போன வாரம் நான்தான் வைத்தேன். யாரு, கோமதியா, என்றார் அத்தான், எடும், எடுத்து நார்த்தங்காய் கெடைக்கலன்னு சொல்லும். எடுக்கவில்லை. அது அதிர்ந்து அதிர்ந்து நின்றது. நின்ற பிறகு திரை காலியானது, விரலை வைத்து அந்த மெயிலைத் திறந்தேன். மொத்தம் இரண்டு பக்கம். நோயாளியின் பெயர் என்ற இடத்தில் அவர் பெயர் இங்கிலீஷில் தப்பில்லாமல் இருந்தது, அதற்குக் கீழே வயது, ஊர், மாதிரி எடுத்த தேதி, எடுத்த இடம், அதற்குக் கீழே மற்றது. சில வார்த்தைகளுக்கு எனக்குத் தமிழ் தெரியவில்லை. தெரியாத இடத்தில் தெரியவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம்.

இந்தப் பெஞ்சிலேயே, பஸ்ஸுக்குப் போவதற்கு முன்னால், முதல் வரியிலிருந்து டாக்டரின் கையெழுத்து வரைக்கும் ஒன்றையும் விடாமல் அத்தானுக்குப் படித்துச் சொல்வது என்று முடிவு செய்தேன்.